காரணம் கூறாமல் குரைத்தல் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமப் பிரிவு
பொருள்: குரைப்புக்கும் உரிமம் கோருதல்

மேன்மை பொருந்திய மன்றத்தாரின் சமூகத்திற்கு,

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடகோடியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில், மலாய் மொழியில் ‘நன்னீர் ஆறு’ என்று பொருள்படும் சுங்கை ஆயர் தாவாரிலும், அங்கிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரை செம்பனைத் தோட்டங்களை ஒட்டி எழுந்துள்ள தாமான்களிலும் இரவு நேரத்தில் நாய்கள் குரைக்கின்றன என்னும் செய்தி பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது. தாமான் என்பது வரிசை வீடுகளால் ஆன குடியிருப்பு. அச்சொல்லின் நேர்ப்பொருள் பூங்கா என்றாலும், பூவைத் தேடி யாரும் அங்கே போவதில்லை.

நாய்க்கு உரிமம் உண்டு. உரிமம் என்பது, செய்யக் கூடாத ஒன்றைக் கட்டணம் பெற்றுக்கொண்டு செய்யலாம் என ஓர் அதிகாரம் எழுதிக் கொடுக்கும் இசைவாகும். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டம், அதன் 107-ஆம் பிரிவில் இவ்வகை உரிமங்களை வழங்கும் அதிகாரத்தை மன்றத்துக்கு அளிப்பதோடு, வழங்கியதை எந்நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமலேயே, ரத்து செய்யும் அதிகாரத்தையும் சேர்த்தே அளிக்கிறது. இங்கேதான் குடியிருப்பாளருக்கு ஒரு சிறு குழப்பம் ஏற்படுகிறது. நாயின் மீது அக்கம்பக்கத்தார் சுமத்தும் முதன்மையான குற்றச்சாட்டு அது காரணம் இல்லாமல் குரைக்கிறது என்பதே. காரணம் கூறாமல் வாய் திறக்கும் சலுகை சட்டப்படி மன்றத்துக்கு மட்டுமே உரியது என்றால், நாய் செய்வது வெறும் தொல்லை அன்று, அதிகார வரம்பு மீறல்.

ஆயினும் நாயின் தரப்பையும் கேட்பது முறை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள எட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்க்ராட்சு என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், ‘மூடி’ எனப்படும் ஆட்டு மந்தை காக்கும் நாயினத்தின் குரைப்புகளைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அந்நியர் வந்ததற்கான குரைப்பு எது, தனியே கட்டி வைக்கப்பட்டதற்கான குரைப்பு எது, விளையாட்டுக்கான குரைப்பு எது என்பதைக் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாகவே பிரித்தறிந்தனர் என்று 2005-இல் வெளியிட்டனர். ஆகவே நாய் காரணம் கூறியே குரைக்கிறது; அதைக் கேட்டு எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடம் இல்லை, அவ்வளவே. எண் பொறித்த தகட்டை மட்டும் கழுத்தில் மாட்டி அனுப்பும் இக்கால வழக்கத்தை விட, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நடப்பட்ட நடுகல் (நடுகல் என்பது வீழ்ந்த வீரருக்கு எடுக்கப்படும் நினைவுக்கல்) மேலான பதிவேடு எனத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தக் கல், வீரனின் அருகே நின்ற நாயின் கோவிவன் என்ற பெயரையும், அது கள்வரைக் கடித்த காரணத்தையும் சேர்த்தே பொறித்து வைத்திருக்கிறது. கட்டணம் வசூலித்ததாக மட்டும் அதில் எழுதப்படவில்லை.

இவ்வட்டாரத்து நாய்களுக்கும் ஒரு காலத்தில் பெயரும் காரணமும் இருந்தன. லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடிவைத்த நீண்ட கட்டடம். பழைய லயங்கள் பலவற்றில் வீட்டையும் வீட்டையும் பிரிக்கும் தடுப்பு கூரையைத் தொடாது ஆதலால், ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்கும், ஒரு வீட்டுக் கருவாட்டு வாசம் நான்கு வீட்டுக்கும் உரியதாக இருந்தது. அங்கே நாய் குரைத்தால் அது யார் வீட்டு நாய் என்பது மட்டுமன்றி, கொல்லையில் மரவள்ளியைக் கிளறக் காட்டுப்பன்றி வந்ததற்கா, வாசலில் பாம்பு ஊர்ந்ததற்கா, அல்லது கள்ளுக்கடையிலிருந்து நேரம் கழித்துத் திரும்பிய வீட்டுக்காரரையே அடையாளம் தெரியாமற் போனதற்கா என்பதும் படுத்த இடத்திலிருந்தே அனைவருக்கும் விளங்கிற்று. தொல்லை மிகுந்தால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் (பெரட்டு என்பது வேலைக்குச் செல்லுமுன் ஆளெண்ணும் அணிவகுப்பு), தவறினால் மாலையில் குழாயடியில், “அண்ணே, ராத்திரி உங்க நாய் தூங்க விடல” என்ற ஒற்றை வாக்கியத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் ஆகிவிடும். துரை (துரை என்பது தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளர்) பங்களா நாயின் மீது மட்டும் எந்தக் குழாயடியிலும் வழக்கு நடந்ததில்லை. அது குரைத்தால் கேட்டவர்தான் தவறு செய்தவர். சிலாங்கூரின் சில மன்றங்கள் இன்றும் வரிசை வீட்டுக்கு இத்தனை, பங்களாவுக்கு அதைவிடக் கூடுதல் என நாய்களின் எண்ணிக்கையை வகுத்திருப்பதைக் காணும்போது, துரைமார் கப்பலேறிவிட்டாலும் அவர்களது நாய்கள் இங்கேயே தங்கிவிட்டன என எண்ண இடமுண்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளானபோது, லயத்தை விட்டு வந்தவர்களோடு நாயும் வந்தது; பன்றியும் கொல்லையும் குழாயடியும் வரவில்லை. காவல் காக்க எதுவும் இல்லாத இடத்தில் இரும்புக் கதவோடு கட்டப்பட்ட நாய், தெருவில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பன்றியாகக் கொள்வதில் வியப்பில்லை. மதிலுக்கு அப்பால் இருப்பவர் மலாய்க்காரராக இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் ஒருமுறை மண் கலந்த நீரும் சேர ஏழு முறை கழுவ வேண்டும் என்னும் இஸ்லாமிய ஷாஃபி மரபைப் பின்பற்றும் அவருக்கு, அவிழ்த்துவிட்ட நாய் என்பது உறக்கக் கேடு மட்டும் அன்று. இதை அறிந்து நாயை உள்ளே கட்டியவர்களும், அப்படிக் கட்டுவதைப் பார்த்துப் புன்னகையோடு கடந்தவர்களும் இவ்வட்டாரத்தில் இருந்தார்கள், இருக்கிறார்கள்; எந்தத் துணைச்சட்டமும் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. கட்டளையால் பெறும் மரியாதையின் மதிப்பு தோட்டத்து மக்களுக்குத் தெரியாததன்று. 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. அந்தச் சைக்கிளில் ஏறி அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக, மன்றத்துக்குப் புகார் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்பு நீளும்போது கல்லும் நஞ்சு கலந்த இறைச்சியும் மதில் தாண்டுகின்றன. அப்போது 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் குறுக்கே வருகிறது. விலங்கு வதைக்கு அது விதிக்கும் அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 வரை செல்லும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஓர் இரவுத் தூக்கத்தின் விலை இதுவென்றால், குழாயடி எவ்வளவு மலிவான நீதிமன்றமாக இருந்தது என்பதை மன்றத்தார் கணக்குப் பிரிவைக் கொண்டு சரிபார்க்கலாம்.

ஆகவே கோரப்படுவது இது: ஒலியளவு மானி வேண்டாம், இரவு பத்து மணிக்கு மேற்பட்ட குரைப்புக்குத் தனிக் கட்டணமும் வேண்டாம். உரிம விண்ணப்பப் படிவத்தில், நாயின் நிறம், பால், இனம் ஆகியவற்றைக் கேட்கும் கட்டங்களுக்குக் கீழே ‘இடப்பக்கத்து வீட்டாரின் பெயர்’, ‘வலப்பக்கத்து வீட்டாரின் பெயர்’ என இரண்டே கட்டங்கள் சேர்க்கப்படட்டும். விண்ணப்பிப்பவர் அவற்றை யாரிடமும் விசாரிக்காமல் முகப்பிலேயே நின்று நிரப்ப வேண்டும். நிரப்ப இயலாதவருக்கு உரிமம் மறுக்கப்படலாம். இந்த ஒரு முறை மட்டும், காரணத்தைக் கூறியே.

நகல்: பதினேழாம் எண் வீட்டு வாசலில் கட்டப்பட்டுள்ளவருக்கு, தகவலுக்காகவும் மேல் நடவடிக்கைக்காகவும்.