ஓரவஞ்சனை: மொட்டை மாடி ரப்பர் மதிப்பீடு பற்றி ஓர் ஆராய்ச்சி

மொட்டை மாடிக்கு ரப்பர் போட என்ன செலவாகும் என்னும் வினா தியாகதுருகத்தில் ஐப்பசியில் பிறந்து, தை பிறந்ததும் மடிவது. ஆயுள் மூன்றே மாதம் என்பதாலோ என்னவோ, அறிஞர் எவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஊரின் மலைக்கோட்டைக்கு வரலாறு இருக்கிறது. கோமுகி ஆற்றுக்கு அணை இருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சிக்குத் தனி மாவட்டமே கிடைத்துவிட்டது. கோட்டை அடிவாரத்தில் ஒழுகும் கான்கிரீட் தளத்துக்கு மட்டும் இன்னும் ஓர் உரை கிடைக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. இதன் துணிபு ஒன்றே: சதுர அடிக்கு இவ்வளவு என்று தொடங்கும் மதிப்பீடு எதுவாயினும் அது தவறான பொருளை அளக்கிறது. மாடியின் செலவு அதன் பரப்பில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

முதற்கண் ரப்பர் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் மரத்தில் பால் வடித்து, தகடாக்கி, கொடியில் துணிபோலக் காயப்போடும் ரப்பர் இங்கே பேசப்படுவதன்று; அது வெயிலிலும் காற்றின் ஓசோனிலும் வெடித்துப்போகும். மாடி ரப்பர் பெட்ரோலிய வழிப் பிறந்த செயற்கைச் சரக்கு. ஈ.பி.டி.எம். என்பது அதன் பெயர். கார் கதவின் ஓரத்தில் மழைநீர் புகாமல் கவ்விக்கொண்டிருக்கும் கறுப்புப் பட்டையும் பெரும்பாலும் இதே குலம்தான். (அங்கேயும் அதன் வேலை ஓரத்தில்தான் என்பதை வாசகர் இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.) அமெரிக்காவில் 1960களிலிருந்து தட்டைக் கூரைகளில் விரிக்கப்படுகிறது. ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பாய்போல் சுருட்டி வரும். நம் ஊரிலோ ரப்பர் என்றால் வாளியில் வந்து பிரஷ்ஷில் ஏறும் பூச்சையும் சேர்த்தே சொல்கிறோம். இரண்டுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. ஆயினும் நம் வாதம் இரண்டுக்கும் பொருந்தும். பூச்சும் நடுவில் கிழிவதைவிட மூலையில் பிரிவதே வழக்கம்.

இனி வழக்கிலிருக்கும் கொள்கையைக் காண்போம். மேஸ்திரி வருகிறார், டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார், நீளத்தையும் அகலத்தையும் பெருக்குகிறார். நூறு சதுர அடி ஒரு சதுரம் என்பது கட்டடக்காரர் வாய்ப்பாடு. இருபதுக்கு முப்பது மாடி ஆறு சதுரம். சதுர அடி விலையை இங்கே எழுதினால் கட்டுரை அச்சேறுமுன் பொய்யாகிவிடும். ஆதலின் அதை ‘ம’ என்க. ஆகச் செலவு 600 ம. கணக்கில் பிழையில்லை. ஆனால் பத்துக்கு அறுபது மாடியும் அதே 600 சதுர அடிதான், தெருவாசல் குறுகிய மனைகளில் அப்படித்தான் வீடு நீளும். முதல் மாடியின் சுற்றளவு 100 அடி, இரண்டாவதன் சுற்றளவு 140. ரப்பர் கைப்பிடிச் சுவரில் ஓரடி ஏற வேண்டும் என்று கொண்டால் முதல் வீட்டுக்கு 100 சதுர அடி கூடுதல், இரண்டாம் வீட்டுக்கு 140. அதுகூடப் பெரிதன்று. நடுப்பரப்பில் வேலை என்பது பெருக்கி, பசை தடவி, பாயை உருட்டுவது. ஓரத்தில் பழைய பூச்சைக் கொத்த வேண்டும், சுவரில் காடி எடுக்க வேண்டும், ரப்பரின் தலையை அதற்குள் செருக வேண்டும், அலுமினியப் பட்டை வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும், மேலே பசை அடைக்க வேண்டும். மூலை வந்தால் ரப்பரை வெட்டி, மடித்து, ஒட்டுப் போட வேண்டும். மேஸ்திரி அரை நாளில் நடுவை முடித்துவிட்டு மீதி நாளெல்லாம் ஓரத்தில் குந்தியிருக்கிறார். கூலியை மட்டும் நடுவின் பெயரில் வாங்குகிறார்.

இதைவிடத் திண்ணிய சான்று ஹெட்ரூம் எனப்படும் மாடிப்படி அறை. வாஸ்து சொல்லும் கன்னி மூலையில் எட்டுக்குப் பத்து அளவில் அதைக் கட்டினால் மாடியின் பரப்பு 600இலிருந்து 520 ஆகக் குறையும். சுற்றளவு? அதே 100 அடி. ஓர் அங்குலமும் குறையாது. மூலையை விட்டு நீளச் சுவரின் நடுவில் அதையே பத்தடி உள்நோக்கிக் கட்டினால் பரப்பு அதே 520, சுற்றளவோ 120. பரப்பு சுருங்க ஓரம் வளர்கிறது. சதுர அடிக் கொள்கையின்படி வீட்டுக்காரருக்கு 80 ம மிச்சம், ஓரத்தின்படி இருபது அடி நஷ்டம். பத்துக்குப் பத்து போர்ட்டிகோவை எடுத்துக்கொண்டால் நூறு சதுர அடிக்கு நாற்பது அடி ஓரம். பெரிய மாடியோடு ஒப்பிட, சதுர அடிக்குச் சேரும் ஓரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சின்ன வேலைக்கு மேஸ்திரிகள் வர மறுப்பதைச் சோம்பல் என்று பழிப்பவர்கள் வடிவியல் அறியாதவர்கள்.

இந்த உண்மையை உணர அயலூர்ப் பொறியாளர் வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் நின்று தலையைத் தூக்கினால் போதும், துருகம் தெரியும். அதைக் கட்டியவர்கள் உள்ளே எத்தனை சதுர அடி என்று கேட்டிருப்பார்களா? மதில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, வாசல் எத்தனை என்றே கேட்டிருப்பார்கள். கோட்டை என்பதே ஓரம்தான், நடுவில் இருப்பது பாறை. 1780-81இல் வந்தவாசிக் கோட்டையை ஐதர் அலியிடமிருந்து காத்த ஃபிளிண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1790இன் இறுதியில் இதே தியாகதுருகத்தில் திப்பு சுல்தானின் முற்றுகையையும் தாங்கினார். திப்புவின் படை எந்த முற்றுகைப் படையையும்போல விளிம்பில்தான் முட்டியது; கோட்டையின் நடுவை யாரும் நேரே தாக்குவதில்லை. மழையும் நடுவில்தான் விழுகிறது என்றாலும் உள்ளே நுழைய விளிம்பையே நாடுகிறது. ஃபிளிண்டிடம் சதுர அடிக்கு எத்தனை சிப்பாய் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

கற்றோர் சான்று போக, வழக்குச் சான்றும் உண்டு. ஒழுகும் மாடிக்கு ஏழையின் ரப்பர் பழைய ஃபிளெக்ஸ் பேனர். பூப்புனித நீராட்டு விழாவோ, கண்ணீர் அஞ்சலியோ, தலைவர் வருகையோ, எதுவாயினும் விழா முடிந்ததும் அது மாடி ஏறும். அதை விரிப்பவர் செங்கல்லை எங்கே வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். தலைவர் முகத்தின் நடுவில் வைப்பவர் எவருமில்லை. நான்கு ஓரத்திலும் வரிசையாக அடுக்குகிறார். மரியாதை காரணம் என்பார் சிலர். அது பொருந்தாது, ஏனெனில் பேனர் பெரும்பாலும் முகம் கீழாகவே விரிக்கப்படுகிறது. ஓரம் தூக்கினால் எல்லாம் தூக்கிவிடும் என்பதைக் கைகள் அறிந்திருக்கின்றன. மதிப்பீடு எழுதும் பேனாவுக்குத்தான் அது எட்டவில்லை.

அற்றேல், எங்கள் வீட்டில் ஒழுகுவது ஹாலின் நடுவில், மின்விசிறிக் கொக்கியில். ஓரத்துக்கு ஏன் பழி எனின், கூறுதும். நீர் நுழையும் இடம் வேறு, வெளிப்படும் இடம் வேறு. கைப்பிடிச் சுவரின் அடியில் விரிந்த மயிரிழையில் இறங்கும் நீர் தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் உள்ள செங்கல் ஜல்லிப் படுகையில் புகுந்து, வாட்டம் கண்ட பக்கம் நடந்து, கான்கிரீட்டில் எங்கே துளையோ அங்கே சொட்டுகிறது. கொக்கிக்காகவும் ஒயர்க் குழாய்க்காகவும் நாமே துளையிட்டு வைத்திருக்கிறோம். கள்வன் பின்வாசல் வழி ஓடினான் என்பதற்காகப் பின்வாசல் வழியே வந்தான் என்று எழுதிக்கொள்ளும் காவல் நிலையம் உண்டோ? கொக்கிக்கு நேர் மேலே மட்டும் ஒட்டுப் போடுவோர், அடுத்த மழையில் ஒழுகல் ஸ்விட்ச் போர்டுக்கு இடம் மாறியதைக் கண்டு வியக்கிறார்கள்.

அஃதன்றி, ஓரச் செலவையும் சராசரியாக்கித்தானே சதுர அடி விலைக்குள் வைத்திருக்கிறார்கள் எனின், சராசரி வடிவ வீட்டுக்கு அது சரி. நீள வீட்டுக்காரரின் ஓரத்துக்குச் சதுர வீட்டுக்காரர் பணம் கட்டுகிறார். ஓரவஞ்சனை என்னும் சொல்லுக்கு அகராதி என்ன பொருள் கூறினும், அதன் முதற்பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் சிலர், தகர ஷீட் போட்டு மூடிவிட்டால் ரப்பரும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம் என்பர். 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரை கடந்து, இந்த மாவட்டத்திலும் கொட்டித் தீர்த்த ஃபெஞ்சல் போன்ற புயல்களில் காற்று ஷீட்டை எங்கே பிடித்துத் தூக்கப் பார்க்கும்? விடையை வாசகரே சொல்லிக்கொள்ளலாம்.

பழைய மேஸ்திரிகளின் தடை மட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் நாள்கணக்கில் தட்டிய தளம் ரப்பர் இல்லாமலே நின்றதே என்பது அவர்கள் கட்சி. நின்றது உண்மை. கடுக்காய் கல்வராயன் மலையில் விளைவது, வெல்லம் அடிவாரத்துக் கரும்பில் காய்ச்சுவது; ரப்பரைப்போல் ஊர் பேர் தெரியாத சரக்கில்லை. ஆனால் அத்தளத்தின் ஓரத்தை அவர்கள் எப்படி முடித்தார்கள்? தரையும் சுவரும் சந்திக்கும் மூலையைச் செங்கோணமாக விடாமல், சாந்தைக் குழைத்து வட்டமாக வளைத்து ஏற்றினார்கள். அந்த வளைவுக்கு நாளும் கையும் அதிகம் பிடித்தது. இன்றைய சிமென்ட் மாடியில் தட்டோடு சுவரை முட்டி நிற்கிறது, இடுக்கில் ஒரு கோடு சிமென்ட் பால், அவ்வளவுதான். பழைய தளம் ஒழுகாததற்குக் கடுக்காய்க்குக் கொடுக்கும் புகழில் பாதியை அந்த வளைவுக்குக் கொடுக்கலாம்.

இனி மதிப்பீட்டில் சேர வேண்டிய பிற ஓரங்கள். தண்ணீர் வெளியேறும் குழாய் வாய் முதலாவது. ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 600 சதுர அடியில் விழுவது ஏறத்தாழ 2,800 லிட்டர். ஈசானிய மூலை நோக்கி வாட்டம் விட்ட வீட்டில் அத்தனையும் ஒரே நாலங்குல ஓட்டையை விசாரித்துவிட்டுத்தான் போகும். அந்த வட்டத்தின் விளிம்பு ஓர் அடிக்குச் சற்றே கூடுதல். மாடியிலேயே விலை உயர்ந்த ஓரடி அது. இரண்டாவது, நாளைக்கு மேலே மாடி எடுக்கலாம் என்று தூண்களில் நீட்டிவிட்ட கம்பிகள். சுற்றிலும் எட்டு, நடுவில் ஒன்று, தூணுக்கு நான்கு என்றால் 36 கம்பிகள். துருவேறி வரிவரியாக நிற்கும் அவற்றைச் சுற்றி ரப்பர் கவ்வாது. தூண் தலையைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு அதன்மேல் ரப்பரை ஏற்றலாம். ஆனால் அப்படி மூடுவது மேல்மாடி வராது என்று வீட்டுக்காரர் கையெழுத்திடுவதற்குச் சமம், அதற்கு எவரும் இசைவதில்லை. மூன்றாவது ஓரமன்று, எனினும் மதிப்பீட்டில் சேர வேண்டியது: மக்காச்சோளமும் உளுந்தும் காயப்போட்டு இரும்பு வாரியால் இழுக்கும் வழக்கம். இதுதான் நடுப்பரப்புக்கு உண்மையான பகை. கொப்பரை காயப்போடுவோர்க்கு ஒரு சொல்: எண்ணெயும் கொழுப்பும் இந்த ரப்பருக்கு ஆகா, உப்பிவிடும்.

எல்லாவற்றிலும் மறைவான ஓரம் ஹெட்ரூம் நிலைப்படி. அங்கேயும் ரப்பர் அரையடியாவது ஏறி நிற்க வேண்டும். தளத்தின்மேல் ஜல்லி, ஜல்லிமேல் தட்டோடு என்று ஆண்டுக்காண்டு ஏறிய மாடியில் நிலைப்படி தரையோடு தரையாகக் கிடக்கிறது. ரப்பர் ஏற இடமில்லை. ஆகவே படியை உயர்த்த வேண்டும். படியை உயர்த்தினால் கதவு திறக்காது, கதவை அடியில் அறுக்க வேண்டும். ஆகவே ரப்பர் மதிப்பீட்டின் கடைசி வரி ஆசாரியின் கூலி. அதை எந்த மேஸ்திரியும் எழுதித் தருவதில்லை. ஆசாரி வந்து ஆறங்குலம் அறுத்த பிறகு, வடாம் தட்டை ஏந்தி அந்த வாசலில் நுழைபவர் குனிந்துதான் போக வேண்டும்.