தாய்வீடு திரும்பும் ஆர்15: கேள்வி–பதில்

கேள்வி: ஆர்15 என்று சொல்லித்தான் விற்றார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு வண்டி, பின்னால் நின்று பார்த்தால் இன்னொரு வண்டி. உள்ளே இருப்பது எது?

பதில்: யமஹா ஆர்15 இந்தியாவுக்கு 2008-ல் வந்தது. 149.8 சி.சி., நான்கு வால்வு, லிக்விட் கூலிங், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்று அந்த வகுப்பு வண்டிகளில் அன்றைக்கு இல்லாத சேர்க்கை அது. 2011-ல் வி2, 2018-ல் 155 சி.சி. எஞ்சினோடு வி3. பழைய வி1-க்கு வி3-யின் முகத்தை மாட்டி விற்பது பழைய வண்டிச் சந்தையில் சகஜம். ஆகவே முகத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். ஃபிரேமில் பொறித்த சேஸிஸ் எண், எஞ்சின் எண், ஆர்.சி.யில் உள்ள எண்கள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினாலோ, கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தாலோ பேரத்தை அங்கேயே முறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஃபிரேம். அதற்கு ஒரு நூல்கண்டு போதும். ஹேண்டில்பாரை நேராக வைத்து, பின் டயரின் இரு பக்கமும் நூலை ஒட்டி முன் டயர்வரை நேராக இழுக்க வேண்டும். முன் டயருக்கு இடப்பக்கம் விழும் இடைவெளியும் வலப்பக்கம் விழும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. இல்லையென்றால் முதலில் செயின் அட்ஜஸ்டர் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபோர்க் அல்லது ஃபிரேம் வளைந்திருக்கிறது. ஃபோர்க்கை மாற்றலாம். ஸ்டியரிங் கழுத்தருகே பெயின்ட் உரிந்து, சுருங்கி, வெல்டிங் தடம் இருக்கும் ஃபிரேமை மீட்க நினைப்பது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

கேள்வி: பையன் முதலில் பெயின்ட் அடிக்கலாம் என்கிறான், மெக்கானிக் முதலில் எஞ்சினைப் பிரிக்கலாம் என்கிறார், வீட்டில் முதலில் வண்டியை விற்கலாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், பிறகு எரிய வேண்டும், ஓடுவது அதற்கு அப்புறம். பிரேக், ஸ்டியரிங்கும் டயரும், வயரிங், எஞ்சின் என்பதுதான் வேலையின் வரிசை. பெயின்ட் கடைசி.

வி1-ல் முன் டிஸ்க் 267 மி.மீ., பின் டிஸ்க் 220 மி.மீ. ‘பெரிய டிஸ்க் போட்டால் நன்றாக நிற்கும்’ என்று லேத்தில் ஒரு தகட்டை வெட்டி, வேறு வண்டியின் கேலிப்பரை அதில் தொங்கவிட்டிருந்தால் அதைக் கழற்றுவதே முதல் வேலை. நெருக்கடியில் பிரேக்கைப் பிடிக்கும்போது மொத்த விசையும் அந்தத் தகட்டிலும் அதன் இரண்டு போல்ட்டிலும்தான் இறங்குகிறது. டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பண்டம். தேன் நிறத்தில் இருந்தது காபி நிறத்துக்கு வந்திருந்தால் பல வருடமாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஃபோர்க் சீல் கசிந்து ஆயிலில் ஊறிய பிரேக் பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பெட்ரோலில் கழுவுவதும் வேண்டாம். புதியது போடுவதுதான் வழி.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்டியரிங் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. வீலிங் பழகிய வண்டிகளில் இது அநேகமாக இருக்கும். முன்பக்கம் குனிந்து தெரிய வேண்டும் என்று ஃபோர்க் குழாயை கிளாம்ப்பில் மேலே ஏற்றியிருந்தால், கோன் செட் மாற்றும்போதே பழைய உயரத்துக்கு இறக்கிவிடலாம்.

கேள்வி: பின்னால் உருளைபோல் டயர் இருந்தால்தானே கெத்து? வி1-ல் 120 டயர் போட்டிருக்கிறது. அதையும் கழற்றச் சொல்வீர்களா?

பதில்: ஆம். வி1-க்கு ஒரிஜினல் பின் டயர் 100/80-17. மாட்டியிருப்பது 120/80-17 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். 17 அங்குல ரிம் என்றால் 431.8 மி.மீ. முதல் டயரின் பக்கச்சுவர் 80 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 591.8. இரண்டாவதின் பக்கச்சுவர் 96, விட்டம் 623.8. சக்கரம் 5.4 சதவீதம் பெரிதாகிவிட்டது. கியர் விகிதமும் அதே அளவு நீண்டுவிட்டது. மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று எஞ்சினைக் குறைசொல்பவர்கள் பலர், உண்மையில் டயரைத்தான் குறைசொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை ரிம்மில் இருக்கிறது. மெல்லிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் டயரின் இரு ஓரமும் உள்ளே இழுக்கப்பட்டு, முகம் நடுவில் குவிந்துவிடும். நேராக ஓடும்போது ரோட்டைத் தொடும் பரப்பு குறையும். வளைவில் சாய்க்கும்போது ஓரம் எப்போது வழுக்கும் என்று கை உணராது. அகலத்துக்கு ஆசைப்பட்டுப் பிடிமானத்தை இழப்பதுதான் நடக்கிறது.

யமஹாவே வி2-க்கு 130/70 ரேடியல் டயர் கொடுத்தது. ஆனால் அதற்காக அகல ரிம், அலுமினிய ஸ்விங் ஆர்ம், வேறு செயின் ஸ்பிராக்கெட் விகிதம் என்று சேர்த்து மாற்றியது. இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமும் 1,290 மி.மீ.யிலிருந்து 1,345-க்குப் போனது. ஒரு டயருக்காகக் கம்பெனி இத்தனையை மாற்றியிருக்கும்போது, டயர் கடையில் அரை மணி நேரத்தில் முடித்த வேலை எப்படிச் சரியாக இருக்கும்?

கேள்வி: ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் வண்டி ஆஃப் ஆகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

பதில்: பேய் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கறுப்பு டேப்புக்குள் இருக்கிறது. மோசமாக மாற்றப்பட்ட வண்டிகளில் அதிக நேரம் விழுங்குவது வயரிங்தான், அதிக ஆபத்தும் அதில்தான்.

அந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தால் காட்சி ஊருக்கு ஊர் ஒன்றுதான். கோந்து உருகி விரலில் ஒட்டும். உள்ளே கலருக்கு ஒவ்வாத வயர்கள், முனையைப் பல்லால் உரித்து, விரலால் முறுக்கி விட்டிருப்பார்கள். மழை புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கும். எங்கோ ஒரு வயர் ஃபிரேமில் உரசி உரசித் தோல் போயிருக்கும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் அட்டையின் ஈயத்தாள். தீப்பிடிப்பதற்கு வேண்டிய எல்லாம் அங்கே தயாராக இருக்கும், பெட்ரோல் டேங்க் ஒரு சாண் மேலே.

வழி இதுதான். கூடுதலாக மாட்டிய ஒவ்வொன்றையும், அது பாட்டு ஹார்னோ நீல விளக்கோ, அடியோடு கழற்ற வேண்டும். வெட்டுப்பட்ட வயரைச் சுற்றி டேப் போடாமல், ஈயத்தால் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். நாலைந்து இடத்துக்குமேல் வெட்டியிருந்தால் முழு வயரிங் செட்டையே மாற்றுவதுதான் கடைசியில் மலிவு. நூறு வாட் பல்பு மாட்டியிருந்தால் அது ஒன்றே எட்டு ஆம்பியருக்குமேல் இழுக்கும். சின்ன வண்டியின் ஸ்விட்சும் வயரும் அதற்காகச் செய்யப்படவில்லை. வேலை முடிந்ததும் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கமும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்டினால் பேய் போய்விட்டது.

கேள்வி: சைலன்ஸர் போடும் சத்தத்தில் தெருமுனையிலேயே கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். இந்த வசதியை இழக்க வேண்டுமா?

பதில்: கேட்டுக்குக் காலிங்பெல் போதும். இந்தியாவில் 80-க்கு மேல் 175 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 77 டெசிபல். உள்தடுப்பை உருவிய குழாய் இதற்குள் நிற்காது. தெருவில் கைக்குழந்தையும் நோயாளியும் தூங்குகிறார்கள் என்பது எந்த டெசிபல் கணக்கையும்விடப் பெரிய காரணம்.

எஞ்சினுக்கும் அது ஆகாது. இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரிஜினல் ஏர் பாக்ஸ் வழியாக எவ்வளவு காற்று வரும், ஒரிஜினல் சைலன்ஸர் வழியாக எவ்வளவு புகை போகும் என்ற கணக்கில் பெட்ரோலை அளக்கிறது. ஏர் பாக்ஸில் ஓட்டை போட்டு, சைலன்ஸரையும் திறந்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கு ஏற்றபடி கூடாது. கலவை மெலியும், சூடு ஏறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குறைவு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வரும் ‘டப் டப்’ வெடிச்சத்தமும் வீரியத்தின் அடையாளம் இல்லை. அநேகமாக மூட்டில் கசிவு இருந்து, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் வெடிப்பதுதான் அது. ஒரிஜினல் சைலன்ஸர், ஒரிஜினல் ஏர் ஃபில்டர், புது கேஸ்கெட் மூன்றும் போட்டால் அந்த நோய் தீரும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அலசிவிட்டுக் கூலன்ட் ஊற்றுவதை அதோடு சேர்த்துச் செய்துவிடலாம்.

கேள்வி: ‘போர் பண்ணின எஞ்சின், பறக்கும்’ என்றார் விற்றவர். பறக்கிறது, ஆனால் பின்னால் நீலப் புகையும் பறக்கிறதே?

பதில்: இதுதான் ஆர்15-க்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. பழைய தலைமுறை வண்டிகளின் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் உண்டு. தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். ஆர்15-ன் சிலிண்டரில் ஸ்லீவே கிடையாது. டயாசில் என்று யமஹா பெயரிட்ட அலுமினியம்–சிலிக்கான் கலவையில் வார்த்தது அது; சிலிக்கான் மட்டும் சுமார் 20 சதவீதம். சுவரின் மேல்முகத்தில் நிற்கும் கெட்டியான சிலிக்கான் துகள்கள்மேல்தான் பிஸ்டன் ரிங் வழுக்கி ஓடுகிறது. பட்டறையில் சாதாரண டூல் வைத்துக் கடையும்போது அந்த முகம் அழிந்துவிடுகிறது. பிறகு ரிங் சுவரைக் கீறும், கீறல் வழியே ஆயில் ஏறி எரியும், நீலப் புகை வரும். இரும்பு ஸ்லீவ் அடித்து ஒப்பேற்றுவதும் உண்டு. இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரியாததால் அதை நம்பி நெடுஞ்சாலையில் போக முடியாது. 57 மி.மீ. போர் உள்ள புது பிளாக், அதற்குரிய பிஸ்டன், ரிங் வாங்கிப் போடுவதே தீர்வு. செலவு கூடத்தான், ஆனால் பேரத்தின்போதே இதைக் கண்டுபிடித்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பின் சீட்டை எடுத்துவிட்டார்கள், மட்கார்டை வெட்டிவிட்டார்கள். மனைவியை எங்கே உட்காரவைப்பது?

பதில்: அவர் நடந்து வர வேண்டியதில்லை, வண்டியைத்தான் திருத்த வேண்டும். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் சேலை கார்டும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகலக் கண்ணாடிகள், பழைய இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் இதோடு திரும்ப வர வேண்டும்.

கேள்வி: என் வண்டி, என் காசு. சட்டத்துக்கு இதில் என்ன வேலை?

பதில்: ரோடு எல்லோருக்கும் பொது. ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நிறத்தை மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

இன்னொன்று கைமேல் நிற்கிறது. சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான். 2011-ல் பதிந்த வண்டிக்கு 2026-ல் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வெட்டி ஒட்டிய வண்டி அந்தத் தாழ்வாரத்தைத் தாண்டாது.

கேள்வி: ஒரிஜினல் பாகத்துக்கு எங்கே போவது?

பதில்: பிரேக், கோன் செட், சீல், பிளாக், பிஸ்டன் ஆகியவற்றைக் கம்பெனி டீலரிடம் பாக எண் சொல்லிப் புதிதாக வாங்க வேண்டும், இதில் பழையது கூடாது. ஃபேரிங், சீட், கிராப் ரெயில், ஒரிஜினல் சைலன்ஸர் போன்றவற்றுக்குச் சென்னையில் புதுப்பேட்டை உண்டு. மற்ற ஊர்களில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் தேடலாம். பில் இல்லாத எஞ்சினை மட்டும் யார் கொடுத்தாலும் தொடக்கூடாது. அது யாரோ பறிகொடுத்த வண்டியுடையதாக இருக்கலாம்.

கேள்வி: கழற்றிய சாமான்கள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. தெருப் பையன் ஒருவன் சைலன்ஸரையும் அந்த டிஸ்க் தகட்டையும் விலைக்குக் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தத் தகடு அவன் வண்டியிலும் அதே வேலையைத்தான் செய்யும். சாக்கைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, நூல்கண்டையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு அவனுடைய வண்டியை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.