பட்டனை எங்கலே ஒளிச்ச?

பெங்களூர்ல என்னலே வேலைன்னு கேட்டா, ஆப்புக்குப் பட்டன் வரையுதேங்க. அதுக்கு வாங்குத சம்பளத்தைப் பாத்தா, நம்ம கரிசக்காட்டுப் பருத்தி மூணு வருசத்துல அம்புட்டுக் குடுக்காது. அப்ப சும்மா பட்டனா இருக்காது, வெவகாரமான பட்டன்தான். உக்காரு, தாத்தா கொஞ்சம் புத்தி சொல்லுதேன். உங்க மேனேஜர் சொல்லாததா ஒண்ணும் இருக்காது.

'சேரு'ங்கதப் பச்சையில பெருசாப் போடு. 'நிறுத்து'ங்கதச் சாம்பல் மேல சாம்பலா எழுது, கண்ணாடி போட்ட கிழவனுக்குங்கூடத் தெரியக்கூடாது. அதையும் மீறி ஒருத்தன் அமுக்கிட்டாம்னா உடனே விட்றாத. நெசமாவே போறீங்களான்னு கேளு. சலுகை போயிருமேன்னு அழு. பிளேன் டிக்கெட்டோட இன்சூரன்ஸ் வேண்டாம்ங்கவனை, 'பாதுகாப்பு இல்லாமலே இருந்துக்கிடுதேன்'னு அவன் கையாலேயே அமுக்க வையி. இது என் சொந்தச் சரக்கு இல்லடே. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 களவாணித்தனத்தைக் கூடாதுன்னு அறிவிச்சுது. அதுல குடுத்த உதாரணந்தான் அந்த இன்சூரன்ஸ். கேக்காத சாமானை நைசாக் கூடையில போடுதது, சந்தாவுல சிக்க வைக்கதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சு அடுக்கியிருக்கான். உனக்குக் கைப்புத்தகம் ஓசியிலயே கெடைச்சாச்சு.

அமெரிக்காக்காரன் இன்னும் ரசனைக்காரன். அமேசான் பிரைம்ல சேந்தவன் வெளிய போற வழிக்கு அந்தக் கம்பெனிக்குள்ள வச்ச பேரு 'இலியட்'. வருசக்கணக்கா இழுத்த சண்டையப் பத்தின கிரேக்கக் காவியம்லா அது. நம்மகிட்டக் கேட்டிருந்தா அபிமன்யுன்னு வச்சிருப்போம், உள்ள போக மட்டும் படிச்ச பய. நாலு பக்கம், ஆறு அமுக்கு, பதினஞ்சு வழின்னு எண்ணிப் பாத்து ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023ல வழக்குப் போட்டுது. 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலருக்கு ராஜி. தப்பு செஞ்சோம்னு ஒத்துக்கிடல, துட்டை மட்டும் எடுத்து வச்சாங்க. பெரிய எடம்லா.

'மேல உள்ளவன் சொன்னான், நான் எழுதுனேன்'னு நீ சொல்லுவ. நல்ல பேச்சுதான். ஃபோக்ஸ்வாகன் டீசல் காருக்கும் சாப்ட்வேர் எழுதத்தான் செஞ்சாங்க. சோதனைன்னு தெரிஞ்சா வண்டி அடக்கமா இருக்கும்; ரோட்டுக்கு வந்துட்டா நைட்ரஜன் ஆக்சைடை அளவுக்கு மேல 40 மடங்கு வரைக்கும் விடும். முத்திரை ஆபீசர் வந்தா மட்டும் நேரா நிக்கித தராசை நான் பருத்திக் கடையிலயே பாத்திருக்கேன், ஆனா அது தானாத் தெரிஞ்சு நிக்காது. 2015ல குட்டு ஒடைஞ்சுது. 2017ல அமெரிக்கக் கோர்ட்டு ஜேம்ஸ் லியாங்னு ஒரு இன்ஜினியருக்கு 40 மாசம் ஜெயில் போட்டுது. கம்பெனித் தலைவரா இருந்த விண்டர்கார்ன் மேலயும் அங்க குற்றச்சாட்டு இருக்கு. அவரு ஜெர்மனியை விட்டு அந்தப் பக்கம் போகல. மேலருந்து சொல்லுதவன் எங்க இருப்பான், எழுதுதவன் எங்க இருப்பான்னு கணக்குப் போட்டுக்கோ.

எங்களையும் லேசுல விட்றாத. எது வந்தாலும் 'சம்மதம்'னு அமுக்குத கூட்டம் நாங்க. கொழம்பு வைக்கதப் பாக்கலாம்னு உங்க ஆச்சி ஒரு ஆப்பைத் தொறந்தாளா, போன்ல உள்ள நம்பரையெல்லாம் பாத்துக்கிடலாமான்னு அது கேட்டுருக்கு. பாவம், இம்புட்டு மரியாதையாக் கேக்குதேன்னு சரின்னுட்டா. இப்ப சம்பந்தி வீட்டுக்குத் தெனமும் கடன் வேணுமான்னு போன் போவுது. அவங்க, நாமதான் ஏவி விட்டோம்னு நெனைக்காங்க.

அந்த ஆப்பு மாசாமாசம் 99 ரூவா வேற எடுக்குது. வந்ததுதான் வந்த, அதை நிறுத்திக் குடு. நானும் பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பயலும் தேடிப் பாத்துட்டோம், வழி அம்புடல. என்னலே முழிக்க? உங்க கம்பெனி ஆப்புதானாம். எங்க வச்சன்னு உனக்குத் தெரியாமலா போவும்? பைய தேடு, காப்பி போடச் சொல்லுதேன்.