குங்குமப்பூவுக்கு முதல் மரியாதை

கீழ்ப் பழனி மலையில் தடியன்குடிசை என்றொரு ஊர். அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்று பட்டர் ஃப்ரூட்டில் தனி ரகமே உருவாக்கித் தந்திருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு அவசியமான ஃபோலேட் அந்தப் பழத்தில் தாராளம். பழமோ மலையிறங்கி, பெருநகர உணவகங்களில் ரொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மலையிலேயே இருக்கும் கர்ப்பிணிக்கு? பாலில் கலந்து குடிக்க, காஷ்மீரிலிருந்து குங்குமப்பூ வருகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம்! நிறத்தை முடிவு செய்வது பெற்றோரின் மரபணு. பால் டம்ளருக்கு அதில் ஓட்டுரிமை கிடையாது.

“ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் தாயி” என்று மாமியார் சோற்றைக் குவிப்பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்கில் கூடுதல் தேவை நாளுக்கு 350 கலோரிதான். அந்த இரண்டாவது உசுரு இன்னும் கிராம் கணக்கில்தான் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அரசு தரும் பெட்டகத்தில் நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் எல்லாம் உண்டு. டானிக் குடித்த கையோடு, கொடைக்கானல் குளிருக்கு இதமாக ஒரு டீ. தேயிலையின் டானின், இரும்பை உடம்பில் சேரவிடாது. அரசு கொடுத்ததை டம்ளர் பறிமுதல் செய்துவிடும். இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

நன்கு பழுத்த பப்பாளிக்கும் வீட்டுக்குள் தடை. பால் வடியும் காய் செய்த குற்றத்துக்குப் பழத்துக்குத் தண்டனை. கேரட்டும் பீன்ஸும் மூட்டை மூட்டையாக லாரி ஏறும் ஊரில், கர்ப்பிணியைப் பார்க்க வரும் சொந்தக்காரர் கையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட்.