போன டெனன்ட் ஒண்ணும் சொல்லலையே!

சென்னை ஹவுஸ் ஓனரைக் கஞ்சன் என்று ஏசுபவர்கள் அவரைச் சரியாகக் கவனிக்காதவர்கள். பெண் கல்யாணத்தில் இரண்டு பாயசம் போடுகிறவர் அவர். கும்பாபிஷேகத்துக்குக் கேட்ட மாத்திரத்தில் நன்கொடை எழுதுகிறவர். அப்படிப்பட்டவர் கீழ்வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்றால் மட்டும் காது கேளாதவராகிவிடுகிறார். காரணம் கஞ்சத்தனம் என்றால், வீடு காலியான மறுநாளே பட்டி பார்த்து, இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, துருப்பிடித்த தாழ்ப்பாளை மாற்றி, ‘டு லெட்’ பலகை மாட்டுகிற சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? ஆள் குடியிருக்கும் வரை அவர் கண்ணுக்கு வீடு பழுதாவதே இல்லை. ஆள் போனதும் பழுதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அவர் பராமரித்துவருவது வீட்டின் காலி நிலையை மட்டுமே. இது குணக்கேடு அல்ல, கச்சிதமான கணக்கு என்பது என் கட்சி.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். ஓதம் பற்றிய முதல் புகாருக்கு அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: “போன டெனன்ட் ஒண்ணும் சொல்லலையே! ஏழு வருஷம் இருந்தாங்க.” அந்தப் போன டெனன்ட் ஒரு புராண புருஷர். ஆணி அடிக்காதவர், விருந்தாளி வராதவர், தண்ணீரை அளந்து குளித்தவர். அவரை நேரில் பார்த்தவர் தெருவில் யாரும் இல்லை. இரண்டாவது புகாருக்கு ஓனரே இறங்கி வருவார். சுவரை ஒரு விரலால் அழுத்தி, அந்த விரலை முகர்ந்து, “ஜன்னலைத் திறந்து வைங்க சார், காத்தோட்டம் இல்ல” என்று தீர்ப்புச் சொல்வார். மூன்றாவது முறை, “நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான், ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்” என்பார். எந்த ஞாயிறு என்பது ஒப்பந்தத்தில் இல்லை. இதற்கெல்லாம் மிஞ்சியும் குழாய் ஒழுகினால் இருக்கவே இருக்கிறது எம்-சீல். குழாய், தொட்டி, சிங்க், வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே லேகியம்தான். ஆனால் மனிதர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கிறது. அதை அணைக்க ஒரு நாளும் மறந்ததில்லை. பதினோரு மாதம் முடிவதும் வாடகை ஏறவேண்டியதும் அவருக்கு நாள்காட்டி பார்க்காமலே தெரியும்.

இனி கணக்கு. காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகை அட்வான்ஸில் கழிவது இந்த ஊர் வழக்கம். ஆக, அடுத்தவர் கண்ணுக்கு அழகாக வேண்டிய சுவருக்குப் போனவர் பணம் கொடுக்கிறார். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த ‘இல்லாவிட்டால்’ வழியாகவே பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் தாராளமாக உள்ளே வருகிறது. வருமான வரித் துறையின் கருணை இதைவிடப் பெரிது. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 விழுக்காட்டை நிலையான கழிவாகத் தள்ளிக்கொள்ளலாம். ரசீது கேட்பதில்லை, வீட்டைச் சரிசெய்தாரா என்றும் கேட்பதில்லை. செய்யாத செலவுக்கும் சலுகை உண்டு என்றால், புத்தியுள்ள எவர் செலவு செய்வார்?

“வாடகையே சொத்து மதிப்பில் இரண்டு, மூன்று விழுக்காடுதான் தேறுகிறது; அதில் என்னத்தைச் செய்ய?” என்று ஓனர் பக்கம் பேசுபவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஓய்வூதியமே இல்லாமல் கீழ்வீட்டு வாடகையில் மருந்து வாங்குகிறவர்களும் உண்டு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகளைச் சட்டத்தின் அட்டவணையே குடியிருப்பவர் தலையில்தான் வைக்கிறது. அதற்கும் மாடிப்படி ஏறும் டெனன்ட்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், வயரிங் மாற்றுவது எல்லாம் ஓனருடையவை. மொட்டை மாடிச் சுருக்கித் தளத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதிய கம்பி பூச்சைத் தள்ளும். ஒரு நாள் கூரைத் துண்டு சோற்றுத் தட்டில் விழும். விரிசலை அடைக்க ஆகும் செலவு, கம்பி வெளியே தெரிந்த பிறகு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே. அப்படியானால் தள்ளிப்போடுவது ஓனருக்கே நஷ்டம் அல்லவா? இங்கேதான் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் விலை மனைக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. என்றாவது பில்டரிடம் கொடுத்து இரண்டு ஃபிளாட்டாக வாங்கிக்கொள்ளப் போகிற இடத்தில், இடிக்கவிருக்கும் சுவரின் ஓதத்துக்கு ஏன் அழவேண்டும்?

டெனன்ட் சும்மா இருக்கவேண்டியதில்லை என்பதும் உண்மை. ஓனர் மறுத்தால் தானே பழுது பார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ரசீதோடு போய்க் கழித்தும் பார்க்கலாம். ஓனர் சண்டை போடமாட்டார்; சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம், “தப்பா நினைச்சுக்காதீங்க சார், பையன் அமெரிக்காவிலேர்ந்து திரும்பி வர்றான், வீடு தேவைப்படுது” என்பார். டெனன்ட் பெட்டி கட்டுவார். பையன் வரமாட்டான், பெயிண்டர் வருவார், பிளம்பர் வருவார், மூன்று வருடமாக வராத அந்த ‘நம்ம ஆள்’கூட ஞாயிறு வரை காத்திராமல் வியாழக்கிழமையே வந்து ஓதச் சுவரைக் கொத்திப் பூசிவிட்டுப் போவார். புது வாடகை இரண்டாயிரம் கூடுதல்.