கிளம்பாமை இயல்: பெட்ரோல் ஆட்டோவின் மின்நோய்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கிளம்பாமை என்பது, சாவியைத் திருகி செல்ஃப் அடித்த பின்னும் பெட்ரோல் ஆட்டோ நின்ற இடத்திலேயே நிற்கும் நிலை. மேலப்பாளையம் வழக்கில் இதற்கு “வண்டி எடுக்க மாட்டேங்கு” என்று பெயர். இது இருவகைப்படும். பெட்ரோல் இல்லாமையால் வருவது ஒன்று. பெட்ரோல் இருந்தும் மின்சாரம் போய்ச் சேராமையால் வருவது மற்றொன்று. முன்னது பொருளியலின்பாற்பட்டது ஆகையால் இங்கே விடப்படுகிறது.

ஆய்வுக்களம்

1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதில் இணைந்த நகராட்சிகளுள் மேலப்பாளையமும் ஒன்று. கைத்தறிக்கும், பீடிக்கும், செவ்வாய்க்கிழமை கூடும் கால்நடைச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். ஆட்டோவின் நோக்கில் பார்த்தால் ஊரின் இலக்கணம் வேறு: சவாரி குறுகியது, நிறுத்தம் மிகுதி. பாளையங்கோட்டையிலிருந்து வருகிற வழியில் குலவணிகர்புரம் ரயில்வே கேட் இருக்கிறது. 1981-ல் திறந்த நாகர்கோவில் ரயில் பாதை சாலையை அங்கே குறுக்கே கடக்கிறது. கேட் அடைத்தவுடன் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைப்பதும், திறந்தவுடன் அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் செல்ஃப் அடிப்பதும் வழக்கம். கிளம்பாமையை இயற்கைச் சூழலில் கண்டறிய இதைவிடத் தோதான இடம் வேறில்லை. பின்னால் நிற்கும் பேருந்தின் ஹாரன், ஆய்வாளருக்கு நேரக் குறிப்பாகவும் பயன்படும்.

நம் ஆட்டோவுக்கு ஒப்பான வண்டி ஒன்று அயல்நாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் உண்டு. பெட்ரோலில் ஓடும் கோல்ஃப் வண்டிகளில் பெரும்பாலானவை, மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் எஞ்சினை அணைத்துவிடும். மிதித்தால் மறுபடி கிளப்பும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாரே, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டராக மாறிவிடும். பந்துக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு செல்ஃப். கேட்டும் சந்தையும் நம்மூர் ஆட்டோவை எந்தக் கதிக்கு ஆளாக்குகின்றனவோ, அதே கதிக்கு அந்த வண்டியைச் செய்தவர்களே ஆளாக்கியிருக்கிறார்கள். ஆகவே நோயும் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

உறுப்பிலக்கணம்

பேட்டரி 12 வோல்ட். உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில பேட்டரியின் வழித்தோன்றல். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் ரிலேவுக்கும், ரிலேவிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் போகிறது. திரும்பி வரும் வழிக்கு முழுநீளத் தனிக் கேபிள் இல்லை. வண்டியின் உடம்பே வழி. அதற்கு எர்த் என்று பெயர். எஞ்சின் ஓடும்போது மேக்னட் காயிலில் பிறக்கும் மின்சாரத்தை ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) நேர்படுத்தி, அளவோடு பேட்டரிக்கு ஏற்றும். தீப்பொறிக்குத் தனிக் குடும்பம்: பொறிக்கு நேரம் குறிக்கும் சி.டி.ஐ., வோல்ட்டை உயர்த்தும் காயில், பொறி தெறிக்கும் பிளக்.

செல்ஃப் என்பதே பிற்கால வரவு. காரில் அது 1912-ல் காடிலாக் வண்டியோடு பரவத் தொடங்கியது; நம் பழைய ஆட்டோக்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் ஒரு நீண்ட கம்பி இருந்தது. அதை மேல்நோக்கி இழுத்தால் வண்டி எடுக்கும். எடுக்காவிட்டால் தோள்பட்டை போகும். அக்காலத்தில் பேட்டரியைக் குறை சொன்னவர் இல்லை.

ஒலியியல்

நோயை அறியக் கருவி வேண்டியதில்லை, காது போதும். செல்ஃப் அடிக்கும்போது எழும் ஓசையே முதற்சான்று.

ஒற்றை ‘டக்’ கேட்டு, பிறகு அமைதி நிலவினால், ரிலே தன் கடமையைச் செய்துவிட்டது என்க. அதற்கப்பால் மின்சாரம் போகவில்லை. ரிலேவின் உள்முனை கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த கேபிளின் பூட்டு நழுவியிருக்கலாம். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பொருள் வேறு. ரிலே மூடுகிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, வோல்ட் சரிகிறது, ரிலேவைப் பிடித்துவைக்கப் பலம் போதாமல் அது திறக்கிறது, சுமை நீங்கியதும் வோல்ட் மீள்கிறது, மறுபடி மூடுகிறது. பேட்டரி இறங்கிவிட்டது அல்லது வழியில் எங்கோ அடைப்பு. இவ்விரண்டையும் காதால் பிரித்தறிய இயலாது. ஆயினும் ஸ்டாண்டில் நிற்போர் அனைவரும் முதலாவதையே துணிவர்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிட வேண்டும். நோய் பெரும்பாலும் தீப்பொறிக் குடும்பத்தில் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினில் சேர்த்துப் பிடித்து செல்ஃப் அடித்தால், நீலப்பொறி பளிச்சென்று தெறிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் காயிலோ பிளக்கோ ஐயத்துக்குரியது. பொறியே இல்லையென்றால் சி.டி.ஐ. வரை போக வேண்டும். இச்சோதனையை பிளக் துளைக்கும் பெட்ரோலுக்கும் எட்டவே செய்க. ரப்பர் மூடியை விட்டுக் கம்பியைத் தொட்டவர், அந்தப் பொறி பல ஆயிரம் வோல்ட் கொண்டது என்பதைப் பாடமின்றியே உணர்வர்.

ஓசையே இல்லாமை நான்காம் வகை. அப்போது ஹாரனும் ஊமையென்றால் பியூஸையும் பேட்டரி முனையையும் பார்க்க. ஹாரன் அடித்தால் செல்ஃப் சுவிட்சையும் ரிலேவுக்குப் போகும் மெல்லிய ஒயரையும் பார்க்க.

மூன்று பள்ளிகள்

கிளம்பாமைக்குக் காரணம் பேட்டரியே என்பது முதற்பள்ளி. பழமையானது, வணிக வளம் மிக்கது. பேட்டரி கடை எதிரிலேயே இருந்தால் இதன் செல்வாக்கு மேலும் ஓங்கும். பிளக்கே காரணம் என்பது இரண்டாவது. இதன் மாணாக்கர் சட்டைப்பையில் எமரித்தாள் வைத்திருப்பர். நோய் எதுவாயினும் பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டுவர். வண்டி எடுத்தால் தேய்த்ததால் எடுத்தது என்பர். எடுக்காவிட்டால் இன்னும் தேய்க்க வேண்டும் என்பர். இணைப்புகளே காரணம் என்பது மூன்றாவது. இதற்கு ஆதரவாளர் குறைவு. என்னை? எனின், இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

பேட்டரி குறித்த வாதத்தில் ஹாரனையும் செல்ஃபையும் சான்று காட்டுவர். “ஹாரன் அடிக்கி, லைட் எரியி, அப்போ பேட்டரி நல்லாத்தான இருக்கு” என்பார் ஒருவர். “செல்ஃப் சுத்தல, அப்போ பேட்டரி செத்துட்டு” என்பார் மற்றவர். இரண்டும் பொருந்தா.

1827-ல் கேயார்க் ஓம் வெளியிட்ட விதியே இதற்கு விடை. முகவிளக்கு 35 வாட் என்றால் அது இழுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் கேட்பதாகக் கொள்வோம். இடையில் ஒரு பூட்டு துருப்பிடித்து, 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்றும் கொள்வோம். விளக்கு எரியும்போது அந்த இடத்தில் இழப்பு 0.3 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. செல்ஃப் அடித்தாலோ அதே இடம் 5 வோல்ட்டை விழுங்கப் பார்க்கும். மோட்டாருக்கு ஏறக்குறைய பாதி வோல்ட்தான் மிஞ்சும். எனவே விளக்கு எரிவது நல்ல இணைப்புக்குச் சான்றாகாது. செல்ஃப் சுற்றாமை செத்த பேட்டரிக்குச் சான்றாகாது.

விழுங்கிய வோல்ட் வெப்பமாக வெளிவரும். 50 ஆம்பியர், 5 வோல்ட் என்றால் 250 வாட். ஆதலால் நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு, ஒவ்வொரு பூட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தால், சுடுகின்ற பூட்டே குற்றவாளி. ஸ்டாண்டில் மல்டிமீட்டர் கிடைக்காதபோது இதுவே போதும். மீட்டர் கிடைத்தால், ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. இழை அறுந்தால் மேலப்பாளையத்து நெசவாளி முடிச்சுப் போடுவாரே தவிர, தறியை விற்றுப் புதுத்தறி வாங்குவதில்லை.

பேட்டரிப் பள்ளி முற்றும் பொய் என்பதும் தவறு. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் இறங்கிக் கிடக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிய பின்னும் சரிந்தால், பேட்டரிக் கடைக்காரர் சொன்னது உண்மையென்று ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எர்த் வைத்தியம்

பேட்டரி முனைகளில் பூக்கும் நீலப்பச்சைப் பொடி, கசிந்த அமிலம் செம்பைத் தின்றதன் எச்சம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். சோடா உப்புக் கரைத்த வெந்நீர் ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பிறகு எமரித்தாளால் முனையும் பூட்டும் பளபளக்கத் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுக. பிளக் பள்ளியாரின் எமரித்தாள் உண்மையில் பயன்படும் இடம் இதுவே. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே போகும் பட்டை எர்த்தின் போல்ட்டிலும் இதையே செய்க. சந்தை நாளில் ஆடு ஏற்றும் லோடு ஆட்டோக்களில் இந்த போல்ட் தனிக் கவனம் கோரும். அவற்றின் தளம் எந்நேரமும் நனைந்தே இருக்கும். நனைப்பது மழைநீர் மட்டுமன்று.

நீர் பற்றிய குறிப்பு

பேட்டரிக்குள் ஊற்ற வேண்டியது டிஸ்டில் வாட்டர். அல்வாவுக்கு ருசி தருவது தாமிரபரணித் தண்ணீர் என்று ஊரே சாதிக்கும். அந்தப் பெருமையைப் பேட்டரிவரை நீட்டலாகாது. குடிக்க இனிக்கும் தண்ணீரிலும் கரைந்த உப்புகள் உண்டு. அவை ஈயத்தகட்டைக் கெடுக்கும்.

வெளியிலிருந்து புகும் நீர் வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லைத் தெருக்களில் வெள்ளம் புகுந்ததே, அப்படி நீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் நீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் அமுங்காது; அதோடு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் தண்டு வளையும். எஞ்சின் ஆயிலையும் மாற்றி, சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்த பின்னரே செல்ஃப்.

ஈயத்தாள் சிக்கல்

பியூஸ் போனால் அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகுவது பரவலான வழக்கம். பீடி சுற்றும் ஊரில் இது ஒரு முரண். பீடிக் கட்டில் ஈயத்தாள் கிடையாது. ஆகவே இந்த ஒரு தேவைக்கு மேலப்பாளையமும் சிகரெட்டையே நம்பியிருக்கிறது. வழக்கம் தவறு என்பதில் மூன்று பள்ளிகளும் உடன்படும். 10 ஆம்பியரில் உருக வேண்டிய இடத்தில், எத்தனை ஆம்பியரில் உருகும் என்று யாருக்கும் தெரியாத தாள் உட்கார்ந்திருக்கிறது. அது உருகாவிட்டால் ஒயர் உருகும். பியூஸ் ஏன் போனது என்பதே உரிய வினா. எலி கடித்த ஒயரும், பாட்டுப்பெட்டிக்கும் சீரியல் லைட்டுக்கும் எங்கிருந்தோ பிய்த்து முறுக்கிவிட்ட இணைப்பும் பெரும்பாலும் விடையாக அமையும்.

தள்ளுதல்

எந்தப் பள்ளியும் உதவாதபோது மக்கள் கையிலெடுப்பது இது. இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடுவது முறை. “ஏல, இப்ப விடுல கிளச்ச!” என்ற குரல் எப்போதும் தள்ளாமல் நிற்பவரிடமிருந்தே வரும். மேக்னட் காயிலிலிருந்து நேராக மின்சாரம் பெறும் சி.டி.ஐ. உள்ள வண்டி, பேட்டரி அடியோடு செத்தாலும் இதில் எடுத்துவிடும். பேட்டரியை நம்பியிருக்கும் சி.டி.ஐ. என்றால் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும்; இல்லையேல் தெருக்கோடிவரை தள்ளியும் பயனில்லை. இது தெரியாமல் தள்ளுவோர் அடுத்த தெருவிலும் ஆள் சேர்ப்பர்.

எடுத்த பின்

வண்டி எடுத்துவிட்டால் நோய் தீர்ந்ததென்று கொள்ளலாகாது. எஞ்சினைச் சற்று முறுக்கி, பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் மேக்னட் காயிலோ ஆர்.ஆர். யூனிட்டோ வேலை செய்யவில்லை. 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், கணக்கைப் பார்க்க. 50 ஆம்பியரில் மூன்று நொடி செல்ஃப் அடித்தால் செலவு 150 ஆம்பியர்-நொடி. விளக்கும் பாட்டும் போக 2 ஆம்பியர் மிஞ்சினால், அதைத் திருப்ப 75 நொடி ஓட வேண்டும். பதினைந்து நொடி அடித்தால் ஆறு நிமிடத்துக்கு மேல். கேட்டுக்கும் சந்தைக்கும் இடையே அணைத்து அணைத்துக் கிளப்பும் வண்டிக்கு அந்த நிமிடங்கள் கிடைப்பதில்லை. பாட்டை நிறுத்தினால் அத்தனை நிமிடம் தேவைப்படாது; ஆனால் அந்தத் தீர்வை எந்த ஓட்டுநரிடமும் முன்வைக்க முடிவதில்லை.

சி.என்.ஜி. ஆட்டோவுக்கும் மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். டீசல் ஆட்டோவுக்குத் தீப்பொறி இல்லை. ஆகவே பிளக் பள்ளி அங்கே செல்லாது, ஏனையவை செல்லும். மின்சார ஆட்டோ இவ்வியலுக்குப் புறம்பானது.