கடைசிப் பக்கம் கிழிந்த காதல்

எண்பதுகளின் கடைசியில், அக்னி நட்சத்திர நாட்களில், கிழக்குத் தாம்பரத்தில் இரண்டே க்யூதான். அடிபம்பில் குடத்துக்கு, லெண்டிங் லைப்ரரியில் ரமணிசந்திரன் நாவலுக்கு.

மாலைமதி, ராணிமுத்து என்று நாலைந்தைச் சேர்த்துத் தைத்த தடி பைண்டிங். விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ஓரமெல்லாம் முன்னால் படித்தவர்களின் பென்சில் விமர்சனம்: ‘இவ திருந்தவே மாட்டா.’ கடைசிப் பக்கம் மட்டும் இருக்காது. சினேகிதம் காதலாகிற நேரம் பார்த்துத் தையல் நூல் தொங்கும்.

எதிர்வீட்டுப் பையனும் அதே புத்தகங்களுக்கு நிற்பான். கேட்டால், “அக்காவுக்கு” என்பான். அவனுக்கு இருந்ததோ ஒரே ஒரு தம்பி.

காணாமல் போன முடிவுகளை அடிபம்படியில் பேசித் தீர்த்தோம்.

“அவ கோவிச்சுக்கிட்டு கொடைக்கானல் போயிடுவா, பாரேன்.”

“போகட்டுமே. இவன்கிட்டதான் கார் இருக்கே!”

நாவல் நாயகனுக்குக் கார், எஸ்டேட். எங்கள் பேட்டை நாயகர்களுக்கு பீச் - தாம்பரம் சீசன் டிக்கெட். 1931-லிருந்து ஓடிக்கொண்டிருந்த அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயிலில், அடுத்தவர் அக்குளுக்குக் கீழே நின்றபடி காதலிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. 2000-இல் மணிரத்னம் ‘அலைபாயுதே’ எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நாலு வருடத்தில் மீட்டர் கேஜே போய்விட்டது.

அந்த மே மாதம் அவன் ஒரு காரியம் செய்தான். ஒரு நாவலுக்கு நோட்டுத் தாளில் முடிவைத் தானே எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டான். அதில் நாயகி கொடைக்கானல் போகவில்லை; நாயகன் அவளிடம் மனசைத் திறப்பது சானடோரியம் ஸ்டேஷனில். காசநோய் ஆஸ்பத்திரி பெயர் தாங்கிய ஸ்டேஷனில் காதல் சொன்ன ஒரே நாயகன் அவனாகத்தான் இருக்கும். கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘முடிவு சரியில்லை.’ எனக்குப் பிடித்திருந்தது. அவனையே கட்டிக்கொண்டேன்.

இப்போது தாம்பரம் மாநகராட்சி. லைப்ரரி இருந்த இடத்தில் செல்போன் கடை. மகள் போனில் நாவல் படிக்கிறாள். எந்தப் பக்கமும் கிழிவதில்லை.

“ஃப்ரெண்ட்ஸ்னா ஃப்ரெண்ட்ஸாவே இருக்க வேண்டியதுதானே? எதுக்கும்மா இருநூறு பக்கம் இழுக்கறாங்க?”

கேள்வி அவள் அப்பாவின் காதிலும் விழுந்தது. அவர் குடிநீர் வரி ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார்.

நந்தனம் புத்தகக் காட்சியில் அதே நாவலின் முழுப் பிரதி கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அந்தப் பென்சில்காரர் சொன்னது சரி. ரமணிசந்திரன் எழுதிய முடிவுதான் நன்றாக இருக்கிறது.